வழுக்குப்பாறை வளைவும் காலிக் குழியும்

சிலும்பனுக்கு முதலில் தீங்கு செய்தவன் கருவாலன்தான். அதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

சிலும்பன் ஒரு முள்ளம்பன்றி. கருவாலன் ஒரு நரி. இருவரும் ஆனைமடுக் காட்டில் பாதைக் காவலில் இருந்தார்கள். சிலும்பன் காவலாளி. கருவாலன் அவனுக்கு மேலே மேற்பார்வை.

கோடை வந்தால் அந்தக் காட்டில் எல்லா ஓடைகளும் வற்றிவிடும். ஆனைமடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். நாலு திசையிலிருந்தும் நாலு பாதைகள் மடுவுக்கு இறங்கும். அதில் கிழக்குப் பாதைதான் மோசம். பாதி வழியில் ஒரு வளைவு. ஒரு பக்கம் வழுக்குப்பாறை. மறுபக்கம் இரண்டு பனை ஆழத்துக்குப் பள்ளம். எதிரே யார் வருகிறார்கள் என்பது மூக்கும் மூக்கும் இடிக்கும்வரை தெரியாது.

அதனால் பெரிய யானை சட்டம் போட்டிருந்தது. இறங்குகிறவர்கள் பாறைப் பக்கம். ஏறுகிறவர்கள் பள்ளத்துப் பக்கம். குட்டி வைத்திருப்பவர்களுக்கு வழி விடவேண்டும். வளைவில் யாரும் ஓடக்கூடாது. ஓடிப் பிடிபட்டால், தண்ணீரைக் கண்ணில் பார்த்துக்கொண்டே ஒரு நாழிகை வெயிலில் நிற்கவேண்டும்.

ஒருவரைப் பிடித்தால் காவலாளி மடுக்கரையில் தனக்கென்று தோண்டிய குழியில் ஒரு கூழாங்கல் போடுவான். அதற்குப் பெயர் ஒரு கேஸ். பொழுது சாயும் நேரத்தில் எல்லாக் காவலாளிகளும் மடுக்கரையில் ஆஜர் ஆவார்கள். மேற்பார்வை வந்து கற்களை எண்ணும்.

வழுக்குப்பாறை வளைவில் மூன்று கோடையாக நின்றவன் சிலும்பன். அவன் வேலை செய்யும் விதம் இதுதான். வளைவின் மேல்முனையில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் நிற்பான். தூரத்தில் குளம்புச் சத்தம் கேட்டதும் வால் முட்களை ஆட்டுவான். சலசலவென்று சத்தம் பள்ளம் முழுவதும் கேட்கும். இறங்குகிற மான் நடையைக் குறைக்கும். கீழே ஏறி வருகிற பன்றி ஒதுங்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கடந்துபோகும். அவ்வளவுதான்.

மூன்று கோடையில் அந்த வளைவில் அடிபட்டது ஒரே ஒரு பன்றி. அதுவும் இலுப்பைப் பூவை வயிறு முட்டத் தின்று, கால் பின்னிக்கொண்டு வந்த பன்றி. சிலும்பன் ஆட்டிய ஆட்டுக்கு ஊரே எழுந்திருக்கும். அந்தப் பன்றி நின்று தலையாட்டி ரசித்துவிட்டு விழுந்தது.

சிலும்பனின் குழியில் மட்டும் கல்லே சேரவில்லை. யாரும் ஓடவில்லை. யாரைப் பிடிப்பது?

இந்தக் கருவாலன் புதிதாக மேற்பார்வைக்கு வந்தான். வந்த முதல் வாரமே ஆஜரில் ஒவ்வொரு குழியாகக் காலை விட்டு எண்ணினான்.

"பொந்தன், இருபத்தெட்டு. நல்ல வேலை."

பொந்தன் ஒரு கீரி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"மந்தி, பதினொண்ணு. பரவாயில்ல. அடுத்து, சிலும்பன்."

கருவாலன் குழிக்குள் காலை விட்டான். நாலு பக்கமும் துழாவினான். காலை வெளியே எடுத்து எல்லோருக்கும் நீட்டிக் காட்டினான்.

"சிலந்தி ஒண்ணு. அதையும் இவரு பிடிக்கல. அதுவா வந்து குடியிருக்கு."

கரையெல்லாம் சிரித்தது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த முயல்கள்கூடச் சிரித்தன.

"மூணு கோடையா ஒரு கேஸ் கிடையாது. அங்க என்னய்யா பண்றே?" என்று கேட்டான் கருவாலன்.

"நான் நின்னா யாரும் ஓடறதில்லீங்க ஐயா" என்றான் சிலும்பன்.

"யாரும் ஓடலைன்னா அப்புறம் நீ எதுக்கு? ஓடாத இடத்துல காவல் காக்க ஒரு ஆளா? உண்மையைச் சொல்லு. பாறை நிழல் நல்லா குளுகுளுன்னு இருக்கு. தூக்கம் வருது. அதானே?"

"இல்லீங்க. என் சத்தம் கேட்டு..."

"சத்தம் எங்களுக்கும் கேக்குது. அது குறட்டை." மறுபடியும் சிரிப்பு. கருவாலன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "தூங்குமூஞ்சி" என்றான். ஆஜரில், நாற்பது உயிர்கள் நடுவில் சொன்னான்.

அதுதான் சிலும்பனுக்கு நடந்த தீங்கு. வேறு எதை மறந்தாலும் அதை அவன் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

மறுநாளே டூட்டி மாறியது. வளைவு பொந்தனுக்குப் போனது. சிலும்பனை நாவல்மரத்துப் பாறைக்குப் பாராக் காவலுக்கு அனுப்பினான் கருவாலன். அந்தப் பாறையில் காவல் காக்க எதுவும் இல்லை. மேலேயிருந்து குரங்குகள் நாவல் கொட்டையை எறியும். அதைப் பொறுக்கிப் பாறையைச் சுத்தமாக வைத்திருக்கவேண்டும். வேலை அதுதான்.

வளைவில் பொந்தன் வேறு மாதிரி வேலை பார்த்தான். அவன் மேல்முனையில் நிற்கவில்லை. வளைவைத் தாண்டி, பாதை அகலமாகிற இடத்தில் ஒரு ஈச்சம்புதர் இருந்தது. அதற்குள் பதுங்கிக்கொண்டான். காவல் இல்லை என்று நினைத்து விலங்குகள் ஓடி வரும். வளைவைத் தாண்டியதும் பொந்தன் புதரிலிருந்து குதிப்பான்.

"நில்லு. எங்க இந்த ஓட்டம்? வெயிலுக்கு வா."

முயல் சிக்கும். சருகுமான் சிக்கும். காட்டெருமை மட்டும் சிக்காது. காட்டெருமைக்கு முன்னால் குதித்தால் தான் என்ன ஆவோம் என்று பொந்தனுக்குத் தெரியும். அது வரும்போது புதருக்குள்ளேயே உட்கார்ந்து எறும்பை எண்ணுவான்.

நாளுக்கு நாற்பது கல் சேர்ந்தது. குழி நிரம்பி, பக்கத்தில் இன்னொரு குழி தோண்டினார்கள். கருவாலன் அந்தக் குழிகளின் ஓரமாக நடப்பதே ஒரு தினுசாக இருந்தது.

சிலும்பன் ஒருநாள் பொந்தனை வழியில் பார்த்தான்.

"தம்பி, நீ முன்னாடி வந்து நில்லு. புதருக்குள்ள இருந்தா வளைவுல என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியாது" என்றான்.

"அண்ணே, முன்னாடி நின்னா மெதுவா வருவாங்க. மெதுவா வந்தா நான் யாரைப் பிடிக்கிறது? உங்க குழி மாதிரி என் குழியும் ஆயிடுமே."

"ஆனா அடிபட மாட்டாங்க."

"அடிபடாததுக்கு ஐயா கல்லு போடச் சொல்லலையே" என்றான் பொந்தன். அவன் கெட்டவன் இல்லை. எதை எண்ணுகிறார்களோ அதைச் செய்தான்.

அந்தக் கோடையில் நாலு பாதைகளிலும் அடிபடுவது கூடிக்கொண்டே போனது. பெரிய யானைக்குக் கவலை வந்தது. நாலு மேற்பார்வைகளையும் கூப்பிட்டது.

"காவலாளிகளைத் திட்டிப் பிரயோசனமில்லை. முதல்ல நீங்க கத்துக்கணும். ஏழெட்டு ஏரி பார்த்த நாரை ஒண்ணு வந்திருக்கு. அங்கங்கே பாதைக் காவல் எப்படி நடக்குதுன்னு அதுக்குத் தெரியும். ஏழு நாள் பயிற்சி. நாவல்மரத்துப் பாறையில."

இப்படித்தான் சிலும்பன் அந்தப் பயிற்சியைப் பார்க்க நேர்ந்தது. அவனைத் தண்டிக்க அனுப்பிய பாறையிலேயே பாடம் நடந்தது.

முதல் நாள் நாரை ஒற்றைக் காலில் நின்றது. எதிரே வடக்குப் பாதைக் கரடி, மேற்குப் பாதை மிளா, தெற்குப் பாதைக் குள்ளநரி, கிழக்குப் பாதைக் கருவாலன். கருவாலன் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டான்.

"போன மாசம் உங்க பாதையில எத்தனை பேருக்கு அடி? எந்த இடத்துல?" என்று நாரை கேட்டது.

கரடி வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னது. "ஏழு. அதுல ரெண்டு செத்துப்போச்சு. எல்லாம் அந்த மூங்கில் இறக்கத்துல."

"சரி. உண்மையைச் சொன்னதுக்கு நன்றி. கிழக்கு?"

"எண்ணூத்தி முப்பத்தாறு கேஸ்" என்றான் கருவாலன்.

"கேஸை நான் கேக்கல. அடி."

"கேஸ் நிறைய போட்டா அடி தன்னால குறையும். அதான் என் முறை."

"குறைஞ்சுதா?"

"விசாரிச்சு நாளைக்குச் சொல்றேன்."

பாறை ஓரத்தில் நாவல் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த சிலும்பனால் சும்மா இருக்க முடியவில்லை. "நான் வளைவை விட்டு வந்த இருபது நாள்ல நாலு பேருக்கு அடி" என்றான்.

கருவாலன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாராக்காரங்க பாடத்துல பேசக்கூடாது" என்றான்.

நாரை சிலும்பனை ஒரு தடவை பார்த்தது. பிறகு அலகால் மண்ணில் கோடு போட்டுப் பாடத்தைத் தொடர்ந்தது.

இரண்டாம் நாள் கருவாலன் நல்ல மாணவனாக இருந்தான். நாரை எதைச் சொன்னாலும் "ஆமா, ஆமா, நானும் அதைத்தான் செய்யறேன்" என்றான். மிளாவுக்கும் கரடிக்கும் நடுநடுவே விளக்கம்கூடச் சொன்னான். சிலும்பன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் முட்கள் மட்டும் அவ்வப்போது சிலிர்த்து அடங்கின.

மூன்றாம் நாள் நண்பகலில் பொந்தன் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"ஐயா, வளைவுல காட்டெருமைக் கன்னு பள்ளத்துல விழுந்துடுச்சு. மேலேயிருந்து மான் கூட்டம் ஓடி வந்துது. கன்னு கீழேயிருந்து ஏறிட்டு இருந்துது. இடிச்சுட்டாங்க."

"உயிர் இருக்கா?" என்று கேட்டது கரடி.

பொந்தன் தலையை ஆட்டினான். இல்லை.

அதைக் கேட்டு முதலில் பேசியவன் கருவாலன். "அந்த மான்கள் மேல கேஸ் போட்டியா?" என்று கேட்டான்.

"போட்டேன் ஐயா. ஒம்பது."

"சரி. பாடத்தை மூடுங்க" என்றது நாரை. அது கருவாலனைப் பார்த்துச் சொல்லவில்லை. எல்லோரையும் பார்த்துச் சொன்னது. "எழுந்திரிங்க. வளைவுக்குப் போவோம். இனிமே பாடம் அங்கதான். பாராக்காரரும் கூட வரட்டும்."

வளைவில் தாய்க் காட்டெருமை பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர்களைப் பார்த்தும் அது நகரவில்லை. அவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நாரை பாறையைக் காட்டியது. குளம்பு சறுக்கிய கீறல்கள். புதியவை பல. பழையவை ஒன்றிரண்டு. ஓரத்தில் வேரோடு பெயர்ந்த செடிகள். "எங்கெங்க கீறல் இருக்கோ அங்கெல்லாம் யாரோ விழப் பார்த்திருக்காங்க. மேற்பார்வைன்னா தினம் ஒரு தடவை இதை நடந்து பார்க்கணும். கிழக்கு, நீங்க கடைசியா எப்ப நடந்தீங்க?"

"எனக்குக் கரையில ஆஜர் வேலையே..." என்று இழுத்தான் கருவாலன்.

நாரை பொந்தனிடம் திரும்பியது. "நீ எங்க உக்காருவே?"

பொந்தன் ஈச்சம்புதரைக் காட்டினான்.

"அங்கேயிருந்து யாரைப் பிடிப்பே?"

"வளைவைத் தாண்டி வர்றவங்களை."

"தாண்டி வந்தவங்க தப்பிச்சவங்க. விழறவங்க உன்கிட்ட வர்றதே இல்லை."

பொந்தன் பள்ளத்தைப் பார்த்தான். பிறகு தாயைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான். சிலும்பனுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கோபத்தை அவன் வேறு ஆளுக்கு வைத்திருந்தான்.

"நாளைக்கு ஒரு பரீட்சை" என்றது நாரை. "மேற்பார்வை ஒவ்வொருத்தரும் ஒரு பகல் பூரா வளைவுல காவலாளியா நிக்கணும். பதுங்கக்கூடாது. கண்ணுக்குத் தெரியற மாதிரி நிக்கணும். முதல்ல கிழக்கு."

"நானா? நான் மேற்பார்வை. நின்னுக்கிட்டு இருந்தா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"ஒரு நாள் நின்னா வால் உதிர்ந்துடாது" என்றது கரடி.

நாலாம் நாள் விடிந்தது. கருவாலன் வளைவின் மேல்முனையில் நின்றான். நாரையும் மற்றவர்களும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தார்கள். சிலும்பன் பாராக் காவலாக வழுக்குப்பாறைக்கு மேலே, கருவாலனின் தலைக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தான்.

காலையில் முயல்கள் வந்தன. "மெதுவா, மெதுவா" என்று கருவாலன் அதட்டினான். நரியைக் கண்டதும் முயல்கள் முன்னைவிட வேகமாக ஓடின. பிறகு மான்கள். அவன் கத்தினான். குளம்புச் சத்தத்தில் அவன் குரல் கேட்கவில்லை. அவை அருகில் வந்து அவனைப் பார்த்தபிறகுதான் மிரண்டு ஒதுங்கின. அவற்றில் ஒன்று பள்ளத்து ஓரத்தில் முன்னங்கால் சறுக்கி, எப்படியோ சமாளித்துக்கொண்டது.

முற்பகலுக்குள் கருவாலனின் தொண்டை கட்டிவிட்டது.

உச்சி வெயிலில் மேலே புழுதி எழுந்தது. காட்டெருமைக் கூட்டம். கன்று செத்ததால் ஒரு நாள் முழுவதும் தண்ணீருக்கு வராத கூட்டம். பன்னிரண்டு உருப்படி. தாகத்தில் ஓடி வந்தன. அதே சமயம் கீழேயிருந்து ஒரு பன்றி ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் ஆறு குட்டிகள், வரிசையாக, பள்ளத்து ஓரமாக.

மேலே உட்கார்ந்திருந்த சிலும்பனுக்கு இரண்டும் தெரிந்தது. கருவாலனுக்குப் புழுதி மட்டும் தெரிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

"நில்லுங்க" என்று கருவாலன் கத்தப் பார்த்தான். வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. அவன் தலையைத் தூக்கிப் பாறைக்கு மேலே பார்த்தான்.

"சிலும்பா" என்றான், பாதிக் குரலில். "கொஞ்சம் ஆட்டேன்."

"நான் பாரா டூட்டிங்க. வளைவு எனக்கு இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்யா."

"அன்னைக்கு ஆஜர்ல சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்குவீங்களா?"

"வாங்கறேன்."

"ஆஜர்லயே?"

"ஆஜர்லயே வாங்கறேன், ஆட்டித் தொலை!"

அவன் சொல்லி முடிப்பதற்குள் முட்கள் ஆடின. நரி ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சிலும்பன் ஆட்டியிருப்பான். ஆறு குட்டிகளை வைத்துக்கொண்டு அவன் பேரம் பேசுகிறவன் இல்லை. ஆனால் நரி ஒத்துக்கொண்டது ஒத்துக்கொண்டதுதான்.

சலசலவென்று அந்தப் பழைய சத்தம் பள்ளத்தில் எழுந்தது. காட்டெருமைகளுக்கு அது மூன்று கோடையாகத் தெரிந்த சத்தம். தலைவன் காது விறைத்தது. ஓட்டம் நடையானது. கூட்டம் பாறையை ஒட்டி வரிசையாக வந்தது. கீழே பன்றி சத்தத்தைக் கேட்டு நின்று, குட்டிகளைப் பின்னால் ஒதுக்கிக்கொண்டது. பன்னிரண்டு காட்டெருமைகளும் இறங்கிப் போயின. பிறகு பன்றி குட்டிகளோடு ஏறிப் போனது. கடைசிக் குட்டி சிலும்பனைப் பார்த்து ஒரு தடவை உறுமியது. பயமாக இருக்கலாம், மரியாதையாக இருக்கலாம். அவன் எதுவாகவும் எடுத்துக்கொள்ளவில்லை.

பொழுது சாய்வதற்குள் சிலும்பன் இருபது தடவைக்குமேல் ஆட்டினான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

அன்றைய ஆஜருக்குப் பெரிய யானையே வந்தது. கரை நிறைந்திருந்தது. அன்று சிரித்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். சிலும்பன் எண்ணிப் பார்த்தான். ஒருவர்கூடக் குறையவில்லை. இதுதான் சரியான இடம் என்று நினைத்துக்கொண்டான்.

அன்று காவலாளியாக நின்ற கருவாலனுக்கு ஒதுக்கிய குழிக்குள் யானை தும்பிக்கையை விட்டுப் பார்த்தது. "ஒண்ணும் இல்லையே" என்றது.

கருவாலன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தான்.

"பெரியம்மா, காவல்னா பிடிக்கிறது இல்லை. நடக்காம பாத்துக்கிறதுதான் காவல். நான் கண்ணுக்குத் தெரியற இடத்துல நின்னேன். யாரும் ஓடல. அதனால கேஸ் இல்லை. அடியும் இல்லை. இதுதான் என் முறை."

கரையில் பலரும் தலையை ஆட்டினார்கள். சிலும்பன் வாயைத் திறந்தபடி நின்றான். அந்தச் சொற்கள் அவனுடையவை. இதே கரையில், இதே இடத்தில் அவன் சொன்னபோது குறட்டை என்றார்கள்.

"ஒரு சத்தம் கேட்டுதே, அது யாரு?" என்று கேட்டது நாரை.

"என் உத்தரவுல ஒரு ஆள் முள்ளை ஆட்டினான்" என்றான் கருவாலன்.

"அந்த ஆளை வளைவுல போடுங்க. அவர் அங்கேயே நிக்கட்டும். கீரி அவருக்குத் துணையா வெட்டவெளியில நிக்கட்டும். இனிமே ஆஜர்ல முதல்ல அடிபட்டவங்களை எண்ணுங்க. எந்த இடம்னு கேளுங்க. கல்லை அப்புறம் எண்ணிக்கலாம்" என்றது நாரை.

"அப்படியே செய்" என்றது யானை. "கருவாலா, நீ நல்லாப் படிச்சிருக்கே. அடுத்த வருஷம் மத்தக் காட்டு மேற்பார்வைகளுக்கு நீயே போய்ச் சொல்லிக்கொடு."

சிலும்பன் ஒரு அடி முன்னால் வைத்தான். கருவாலன் அதைப் பார்த்தான். "ஆஜர் முடிஞ்சுது. கலையலாம்" என்றான். கரையில் எல்லோரும் தண்ணீருக்குப் பாய்ந்தார்கள். யானை திரும்பி நடந்தது.

சிலும்பன் பின்னாலேயே போய்க் கருவாலனைப் பிடித்தான்.

"ஐயா, அந்த வார்த்தை."

"எந்த வார்த்தை?"

"தூங்குமூஞ்சி."

"அட, அதுவா. அதான் டூட்டி திரும்பக் கிடைச்சுடுச்சே. இன்னும் என்னய்யா?"

"டூட்டி காட்டோடது. அதைக் காடு குடுத்துது. வார்த்தை நீங்க சொன்னது. அதை நீங்கதான் வாங்கணும். ஆஜர்ல வாங்கறேன்னீங்க."

"உன்கிட்ட இப்ப சொல்றேன். நீ தூங்குமூஞ்சி இல்லை. போதுமா?"

"என்கிட்ட சொல்லவேண்டாங்க. எனக்கு அது முன்னாடியே தெரியும்."

கருவாலன் சிரித்தான். "சரி, அடுத்த ஆஜர்ல பாக்கலாம்" என்றான்.

அடுத்த ஆஜரில் யானை குளிக்கப் போயிருந்தது. யானை இல்லாமல் சொன்னால் மரியாதை இல்லை என்றான் கருவாலன். அதற்கடுத்த ஆஜரில் யானை இருந்தது. யானையை வைத்துக்கொண்டு பழைய கதையைக் கிளறினால் அதற்குச் சங்கடம் என்றான். அதற்கும் அடுத்த ஆஜரில், "வேலையைப் பாருய்யா" என்றான்.

பிறகு மழை வந்தது. எல்லா ஓடைகளிலும் தண்ணீர் ஓடியது. மடுவுக்கு யாரும் வரவில்லை. ஆஜர் நின்றுபோனது.

மறு கோடையில் கருவாலன் பக்கத்துக் காடுகளுக்குப் பாடம் சொல்லப் போய்விட்டான். "நடக்காம பாத்துக்கிறதுதான் காவல்" என்று அவன் சொல்வதாகவும், கேட்டவர்கள் அசந்துபோவதாகவும் மந்தி வந்து சொன்னது. கிழக்குப் பாதைக்குக் கரடி பொறுப்பு மேற்பார்வையாக வந்தது. தினம் ஒரு தடவை வளைவை நடந்து பார்த்தது. கீறல்களை எண்ணியது. புதிதாக ஒன்றும் இல்லை.

ஒருநாள் நாரை அந்தப் பக்கம் பறந்து வந்து, சிலும்பனுக்குப் பக்கத்தில் இறங்கியது.

"அன்னைக்கு மூணு கோடைக் கணக்கையும் நான் கீறலைப் பாத்தே புரிஞ்சுக்கிட்டேன். நீங்க என்ன செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றது.

"உங்களுக்குத் தெரிஞ்சா போதாதுங்க. சிரிச்சவங்களுக்குத் தெரியணும்" என்றான் சிலும்பன்.

"இன்னுமா அதை மனசுல வெச்சிருக்கீங்க?"

"வேற எங்க வைக்கறது?"

மேலே குளம்புச் சத்தம் கேட்டது. சிலும்பன் பேச்சை நிறுத்திவிட்டு முட்களை ஆட்டினான். நாலு மான்கள் பாறையை ஒட்டி மெதுவாக இறங்கிப் போயின. நாரை பறந்துபோனது. கருவாலன் அந்தக் கோடையில் திரும்பி வரவில்லை. அதற்கடுத்த கோடையில் வந்தான். ஆஜருக்கும் வந்தான். நாற்பது பேர் முன்னால் பேசினான். அந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்றதையெல்லாம் பேசினான். அந்த வார்த்தை இன்றுவரை திரும்பி வரவில்லை.

தவறு நடந்தபிறகு பிடிப்பவனை மட்டும் எண்ணிவிட்டு, தவறு நடக்காமல் நிற்பவனைச் சோம்பேறி என்று சொல்பவன் மேற்பார்வைக்கு ஆகமாட்டான். சொல்லிவிட்டால், சொன்ன இடத்திலேயே, கேட்டவர்கள் முன்னாலேயே அதைத் திருப்பி வாங்கவேண்டும்.